சிவப்பு ஒயரை எங்கே கொடுப்பது

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2007 ஜனவரி. கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் உதவிக் குறிப்புகள் எழுதுவது என் வேலை. 'இந்தப் பொத்தானை அழுத்தினால் இது நடக்கும்' என்ற மாதிரி வாக்கியங்கள். என்னோடு கல்லூரியில் படித்த சங்கர் உப்பலில் வண்டி மீட்டர்கள் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தான். "பெட்டிக்குள்ள போடறதுக்கு ஒரு பேப்பர் வேணும்டா. நீ எழுதிக் குடு, தெலுங்கும் இந்தியும் நான் பாத்துக்கறேன்" என்றான். எஞ்சின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் மீட்டர் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் எழுதி முடித்தேன்.

சிவப்பு ஒயர்: சாவி போட்டால் கரண்டு வரும் இணைப்பில்.
பச்சை ஒயர்: எஞ்சினில் மாட்டும் சென்சருக்கு.
கறுப்பு ஒயர்: வண்டியின் உடம்பில், எர்த்து.

மூன்றே வரி. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. ஒரு மீட்டரைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. அந்த இருநூறு மீட்டர்களிலும் சிவப்பும் பச்சையும் பட்டறையிலேயே இடம் மாறியிருந்தன. பேப்பரை நம்பி மாட்டியவர்களின் மீட்டர்கள் புகைந்தன. அதே பேப்பரை வைத்துக்கொண்டு சரியாக மாட்டியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது.

(இந்த வரியோடு கதையை முடித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படி முடித்தால் அது ஒரு வேடிக்கைச் சம்பவம். சரியாக மாட்டியவருடைய மனைவி அதில் வரவே மாட்டார். எனக்கு அவர்தான் வேண்டும்.)

2

தொடக்கங்கள்.

'லாலாகுடா ரயில்வே பணிமனையின் சங்கு ஊதியதும் சைக்கிள்கள்' — வேண்டாம். அந்த மீட்டரை மாட்டிய ஜெகநாதன் அந்தப் பணிமனைக்குள் வேலைக்குப் போனதே இல்லை. சைக்கிள்களை நான் அழகுக்காகக் கொண்டுவருகிறேன்.

'ஜெகநாதனின் உலகத்தில் சிவப்பு என்ற நிறம்' — இதையும் அடித்துவிட்டேன். அவருடைய உலகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவரிடமே கேட்டேன். "நீங்க பாக்கறதைத்தான் சார் நானும் பாக்கறேன். பேரு சொல்லத்தான் வராது" என்றார். அதற்குமேல் பேச அவருக்கு விருப்பமில்லை. ஆகவே இந்தக் கதையை அவர் தலைக்குள்ளிருந்து சொல்ல முடியாது. பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர் மனைவி விஜயகுமாரி. அவர் பக்கமாக உட்கார்ந்து சொல்கிறேன்.

3

பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேரையும் பின்பக்கம் அனுப்பி, "ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு வாங்க" என்றார்கள். இரண்டு குடும்பங்களும் வெள்ளைக்காரர் காலத்தில் செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்தவை. இரண்டு வீட்டிலும் ரயில்வே சம்பளம். மாப்பிள்ளை மட்டும் ஏனோ உப்பலில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். விஜயகுமாரிக்கு அது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது.

ஜெகநாதன் கேட்ட முதல் கேள்வி: "நீங்க கட்டியிருக்கறது என்ன கலர்?"

கேலி செய்கிறாரோ என்று விஜயகுமாரிக்குச் சுருக்கென்றது. "கைக்கு?" என்றார், ஏன் என்பதற்கு ஊர் உருதுவில்.

"எனக்குத் தெரியல. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணு மாதிரிதான். ரயில்வே மெடிக்கல்ல புள்ளி புள்ளியா ஒரு புக்கு காட்டினாங்க. உள்ள நம்பர் இருக்காம். எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சுது. அனுப்பிட்டாங்க. எங்க வீட்டுல இதை உங்க வீட்டுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்க தெரிஞ்சுக்கிட்டு பதில் சொல்லணும்."

"பச்சை," என்றார் விஜயகுமாரி. "அரக்கு பார்டர்."

"அழகா இருக்கு."

"கலரே தெரியல, எது அழகா இருக்கு?"

"மடிப்பு."

விஜயகுமாரி அன்றே சம்மதம் சொல்லிவிட்டார். பதினாறு வருடம் கழித்து இதை என்னிடம் சொன்னபோதும் கையால் தன் புடவை மடிப்பை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். அது அவருக்கே தெரிந்திருக்காது.

2001-இல் ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போக. லைசென்ஸ் படிவத்தில் 'சிவப்பு, பச்சை நிறங்களை வேறுபடுத்தி அறிய முடியுமா' என்று ஒரு வரி இருந்தது. ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் டாக்டர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஜெகநாதன் படிவத்தை மடித்து வைத்துவிட்டார்.

"ஓட்டறது நீ. வண்டிக்குப் பொறுப்பு நான்," என்றார் மனைவியிடம்.

விஜயகுமாரி நாற்பது நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டார். லாலாகுடாவிலிருந்து தார்நாகா, ஹப்சிகுடா வழியாக நாச்சாரம் வரை, காலையும் மாலையும், ஒன்பது பிள்ளைகள். பேச்சு மட்டும் எப்போதும் இரண்டு மொழியில் நடக்கும். "உள்ள தள்ளி உக்காருங்க" என்று விஜயகுமாரி தமிழில் சொல்வார். "இக்கட ப்ளேஸ் லேது ஆன்ட்டி" என்று பிள்ளைகள் தெலுங்கில் சண்டை போடும்.

4

ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஓட்டுபவர் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். வண்டியோடு வந்த வெப்ப முள் நாலு வருடமாக அடியிலேயே படுத்துக் கிடந்தது. இருவருக்கும் அது தெரியும். ஊரில் ஓடும் பாதி வேன்களில் அப்படித்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள், ஹப்சிகுடா சிக்னலில், முன் சீட்டின் ஓரத்திலிருந்து ஆவி பீறிட்டது. அந்த ஓரத்தில் பூர்ணா உட்கார்ந்திருந்தாள். யூகேஜி படிக்கிற பிள்ளை. கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்பளித்துவிட்டது.

பூர்ணாவின் அம்மா சௌம்யா கோயம்புத்தூர்க்காரி. கணவனுக்கு ரயில்வே வேலை என்பதால் லாலாகுடா குவார்ட்டர்ஸில் குடித்தனம். அவளுக்கு வேலை ஒரு கணினிக் கம்பெனியில். பத்து நாள் பிள்ளையை அனுப்பவில்லை. பதினோராம் நாள் அவளே கூட்டிவந்து வேனில் ஏற்றினாள்.

"வேற வேன்ல போக மாட்டேங்கறா. உங்களை நம்பித்தான் விடறேனுங்க்கா. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அந்தப் பத்து நாளும் ஜெகநாதன் சரியாகச் சாப்பிடவில்லை. குழாய்களை மாற்றினார், ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். ஆனாலும், "முள்ளு செத்துக் கிடந்தது எனக்குத் தெரியும் விஜயா. தெரிஞ்சே விட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகுதான் ராணிகஞ்சில் ஒரு கடையிலிருந்து புது மீட்டர் வாங்கிவந்தார். என் பேப்பர் உள்ளே இருந்தது.

பேப்பரை ஒருமுறை படித்தார். மூன்று வரியிலும் நிறம். மூன்று ஒயரில் கறுப்பு மட்டும் அவருக்குத் தனியாகத் தெரிந்தது. விஜயகுமாரி பக்கத்தில்தான் நின்றார். "நான் சொல்றேனே, இது சிவப்பு, இது பச்சை" என்றார்.

"சொல்லாதே. சொன்னா அதை நம்பிடுவேன்."

பேப்பரை மடித்து டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டார்.

(இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் வேலை விவரம் எழுதி, பாதியை எடுத்துவிட்டேன். மிச்சத்தை எடுக்க மனம் வரவில்லை. ஒருவர் கவனமாக வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.)

மீட்டரின் முதுகைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒயர்கள் புறப்படும் திருகுகளின் அருகே தகட்டில் மிகச் சிறிதாக எழுத்துகள் பொறித்திருந்தன: சாவிக்கு ஒன்று, சென்சருக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. ஒவ்வொரு ஒயரையும் விரலால் நீவிக்கொண்டே நுனிவரை வந்து நூல் கட்டினார். சாவிக்கு ஒரு முடிச்சு. சென்சருக்கு இரண்டு. எர்த்துக்கு மூன்று.

பிறகு வண்டியின் பக்கம். பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கோத்த டெஸ்ட் லாம்ப்தான் அவருடைய கண். ஒரு ஒயரை வண்டியின் உடம்பில் கடிக்கவைத்து, மறு நுனியால் ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். "சாவி போடு. எடு. போடு." சாவி போட்டால் எரிந்து, எடுத்தால் அணைந்த இடம்தான் அவருக்கு வேண்டும். எப்போதும் எரிகிற இடத்தில் கொடுத்தால் பேட்டரி இறங்கிவிடும். அங்கிருந்து தனியாக ஒரு சின்ன ஃபியூஸ் வைத்து எடுத்தார். எர்த்துக்குப் பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தார். சென்சருக்குப் போகும் ஒயரை எஞ்சின் சூடு படாதபடி குழாய்க்குள் விட்டு, அடி அடியாகக் கட்டிக்கொண்டு போனார்.

கடைசியில், சென்சரை எஞ்சினில் மாட்டுவதற்கு முன்னால், "வென்னீர் கொதிக்க வெச்சுக் கொண்டா" என்றார். டீ போடுகிற பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தார் விஜயகுமாரி. சென்சரின் உடம்பில் ஒரு எர்த்து ஒயரைச் சுற்றி, அதை நீருக்குள் விட்டார்.

"முள்ளைப் பாரு. எங்க நிக்குது?"

"அறுபது... எண்பது... ஏங்க, நூறுக்குக் கொஞ்சம் கீழ நின்னுடுச்சு."

"தண்ணி அங்கதான் கொதிக்கும்," என்றார். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

5

இனி யாதகிரி. நாச்சாரம் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவர். முதல் பிரதியில் இவரைக் கொஞ்சம் முட்டாளாக எழுதியிருந்தேன், கதைக்கு வசதியாக. அது அநியாயம். அந்த வட்டாரத்திலேயே கை சுத்தமான வேலைக்காரர். அவர் பேசியது தெலுங்கும் உருதும் கலந்தது. தமிழில் தருகிறேன். 'அக்கா' மட்டும் அவருடையது.

ஏப்ரல் முதல் வாரம் ஹாரன் அடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட இன்னும் அரைமணி இருந்தது. யாதகிரி டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தவர், ஹாரனைச் சரிசெய்துவிட்டு, அப்படியே நின்றார்.

"இந்த மீட்டரை யார் போட்டது அக்கா? கண்ணு தெரியாதவனா?"

விஜயகுமாரி குனிந்து எட்டிப் பார்த்தார்.

"சாவிக் கரண்டைப் பச்சையில் கொடுத்திருக்கான். சிவப்பு சென்சருக்குப் போகுது. பேப்பர் இருக்கா?"

பேப்பர் டேஷ்போர்டுப் பெட்டியிலேயே இருந்தது. யாதகிரி தெலுங்குப் பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"முள்ளு சரியாத்தானே காட்டுது?" என்றார் விஜயகுமாரி.

"இப்போ காட்டும். தலைகீழாப் போற கரண்டு என்னைக்காவது சூடாகிப் பத்திக்கும். நீங்க உட்கார்ந்திருக்கறது எஞ்சின் மேலே. பின்னாடி ஒன்பது பிள்ளைங்க. அஞ்சு நிமிஷ வேலை, மாத்திடறேன்."

(லேத் பட்டறைக்குப் போன் செய்து கணவரிடமே கேட்டிருக்கலாமே? வாசகர் கேட்கும் முன் நான் விஜயகுமாரியிடம் கேட்டேன். "கேட்டா என்ன சொல்லுவாரு சார்? சரியாத்தான் போட்டேன்னு சொல்லுவாரு. அவரு சொல்லப்போறது எனக்குத் தெரியும். அதை நான் நம்பறேனா இல்லையாங்கறதுதான் அன்னிக்குக் கேள்வி.")

விஜயகுமாரி வேனுக்குள் பார்த்தார். பூர்ணா உட்காரும் ஓரம். பதினாறு வருடத்தில் கணவர் சிவப்பைப் பச்சை என்று சொல்லித் தான் திருத்திய நூறு தடவையும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தக்காளியை அழுத்திப் பார்த்து வாங்குவது. துணி காயப்போடும்போது, "இது உன்னோட எந்தப் புடவை?" என்று கேட்பது.

"சரி," என்றார். "மாத்துங்க."

யாதகிரி உள்ளே குனிந்தார். முதல் ஒயரின் நூலைக் கத்தரித்துவிட்டுத் திருகைத் தளர்த்தினார். அறுந்த நூல் விஜயகுமாரியின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அதில் ஒரே ஒரு முடிச்சு.

அவர் குனிந்து அதை எடுத்தார். அப்போதுதான் கொதித்த தண்ணீர் ஞாபகம் வந்தது. பேப்பரில் இருப்பது யாரோ எழுதியது. முள் ஏறியதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். கண்ணை நம்புவது என்றால் அதைத்தானே நம்பவேண்டும்?

"நக்கோ யாதகிரி, வேணாம். திரும்ப முடுக்கிடுங்க."

"அக்கா, பேப்பரில் அச்சடிச்சிருக்கு!"

"பேப்பர் எழுதினவன் மீட்டரைப் பாத்தானோ என்னவோ. இவரு வென்னீர் வெச்சுப் பாத்தாரு."

(இந்த வரியை நான் சேர்க்கவில்லை. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்தேதான் விஜயகுமாரி இதை எனக்குச் சொன்னார். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

யாதகிரி தலையை ஆட்டிக்கொண்டே முடுக்கினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

6

ஆண்டுத் தேர்வின் மூன்றாம் நாள். காலை எட்டே கால். தார்நாகா தாண்டியதும் முள் தொண்ணூறிலிருந்து நகர்ந்தது. நூறு. நூற்றி மூன்று.

ஆவி இல்லை, வாடை இல்லை, எஞ்சின் சத்தத்தில் மாற்றமில்லை. பள்ளிக்கூடம் பத்தே நிமிடம். விஜயகுமாரிக்கு யாதகிரியின் குரல் கேட்டது. முள் பொய் சொல்கிறதென்றால் ஒன்பது பிள்ளைகளின் பரீட்சையைக் கெடுக்கப்போகிறார். மெய் சொல்கிறதென்றால் பூர்ணா அந்த ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

நூற்றி ஆறு.

ஓரங்கட்டி, சாவியை எடுத்தார். "எல்லாரும் எறங்குங்க. பூர்ணா, நீ மொதல்ல."

"ஆன்ட்டி, எக்ஸாம் உந்தி!" பெரிய பையன்கள் கத்தினார்கள்.

"தெரியும்டா. எறங்கு."

எல்லோரையும் பத்தடி தள்ளி வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, சௌம்யாவுக்குப் போன் செய்தார். "என்னக்கா, புகை வருதுங்களா?" "இல்லம்மா. முள்ளு ஏறுது." "முள்ளு மட்டும்தானுங்களா?" "ஹவ், ஆமா. முள்ளு மட்டும்தான்." சௌம்யா பெருமூச்சு விட்டது போனில் கேட்டது.

இரண்டு ஆட்டோவை நிறுத்திப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, வேனுக்குள் பட்டென்று ஒரு சத்தம். முன் சீட்டின் இடது ஓரத்திலிருந்து வெள்ளையாகக் கொதிநீர் கூரைவரை அடித்தது. சீட்டின் ரெக்ஸின் துணி சுருண்டது. அணைத்த எஞ்சினின் உள் அழுத்தத்துக்கே, ஜெகநாதன் மாற்றிய குழாய்கூடத் தாங்கவில்லை.

பூர்ணா தன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். உள்ளே விட்டுவிட்டார்கள்.

7

இங்கே ஒரு மாற்று முடிவை எழுதத் தொடங்கினேன். எழுத்துக்காரனின் கெட்ட பழக்கம். அதில் யாதகிரி ஒயர்களை மாற்றிவிடுகிறார், மீட்டர் புகைந்து முள் படுத்துவிடுகிறது, தார்நாகா தாண்டி வேன் நிற்காமல் போகிறது, பூர்ணா முன் சீட்டு ஓரத்தில்

எழுத முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். அதே மாதம் யாதகிரி என் பேப்பர்படி வேறு இரண்டு வண்டிகளில் மீட்டர் மாட்டினார். இரண்டும் புகைந்தன. மூன்றாவதைப் பிரிக்காமல் கையில் எடுத்துக்கொண்டு லாலாகுடாவுக்கு வந்து, ஜெகநாதனிடம் கேட்டார்: "அண்ணா, நீங்க எப்படிப் போட்டீங்க?" இருவரும் தரையில் உட்கார்ந்து மீட்டரின் முதுகைப் பார்த்தார்கள். மறுநாள் மதிய இடைவேளையில் ஜெகநாதன் அதை எடுத்துக்கொண்டு சங்கரின் பட்டறைக்கு வந்தார். தற்செயலாக நானும் அங்கே இருந்தேன்.

சண்டை போட வரவில்லை. "இதுல எழுத்து இருக்கு சார். பேப்பர்ல எழுத்தையும் போட்டீங்கன்னா என்னை மாதிரி ஆளுங்களுக்கு வசதியா இருக்கும்," என்றார். அதன்பிறகுதான், ரொம்ப மெதுவாக, "கலரும் மாறியிருக்குன்னு யாதகிரி சொல்றாரு. எனக்குத் தெரியாது" என்றார்.

சங்கர் மிச்சமிருந்த மீட்டர்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றான். புதுப் பேப்பரை நான் எழுத, ஜெகநாதன் படித்துப் பார்த்தார். முதல் வரி அவர் சொன்னது: 'நிறத்தைப் பார்த்து இணைக்காதீர்கள். எழுத்தைப் படித்து, விளக்கு வைத்துச் சோதித்த பிறகு இணையுங்கள்.' நான் இதுவரை எழுதியவற்றில் ஒரு பயனுள்ள வாக்கியம் உண்டென்றால் அது இதுதான். அதுவும் என்னுடையதில்லை.

8

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேனைப் பார்க்க லாலாகுடா போனேன். ஜெகநாதன் பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில்தான் விஜயகுமாரி யாதகிரி கடையில் நடந்ததைச் சொன்னார். 'மாத்துங்க' என்று தான் சொன்னதை. சொல்லிவிட்டு, "இது அவருக்குத் தெரியாது. அறுந்த நூலை நானே திரும்பக் கட்டிட்டேன். யாதகிரியும் சொல்லல" என்றார்.

இதைக் கதையாக எழுதலாமா என்று கேட்டேன்.

"ஊரே அவரைப் பாராட்டுது சார். சௌம்யா வீட்டுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டுச்சு. எல்லாரும், 'நீங்க எப்படி முள்ளை நம்பினீங்க'ன்னு என்னையும் கேக்கறாங்க. அவரு பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருப்பாரு. எனக்கு மட்டும் தெரியும், பத்து நிமிஷம் நம்பலைன்னு."

"அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்."

"விட்டா அது எங்க கதை இல்ல. மொதல்ல நான் அவருகிட்ட சொல்லிடறேன். அதுக்கப்புறம் போடுங்க."

காத்திருந்தேன். நடுவில் இரண்டு மழைக்காலம் போயிற்று. நான் வீடு மாறினேன். ஜெகநாதனைப் பற்றி வியந்து எழுத உட்கார்ந்தவன், காத்திருந்த காலத்தில் விஜயகுமாரியைத்தான் அதிகம் வியந்தேன். யாருக்கும் தெரியாத ஒன்றை எதற்காகச் சொல்லவேண்டும்? வேறொருவராக இருந்தால் நூலோடு முடித்திருப்பார்கள்.

போன வாரம் போன் வந்தது.

"சொல்லிட்டேன் சார். போட்டுக்கோங்க."

"அவர் என்ன சொன்னார்?"

பின்னணியில் வேனின் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ தெலுங்கில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டார்கள்.

"அது எனக்குச் சொன்னது," என்றார் விஜயகுமாரி. குரலில் சிரிப்பு இருந்தது. அழுகையாகவும் இருக்கலாம், போனில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜெகநாதன் சொன்னதாக நான் மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். 'எனக்கு அன்னிக்கே தெரியும்.' இது ரொம்பப் பெரிய மனிதராகிவிடுகிறது. 'நானா இருந்தாலும் மாத்தச் சொல்லியிருப்பேன்.' இது ஆறுதலுக்குச் சொல்வது. அவர் ஆறுதலுக்குப் பொய் சொல்லமாட்டார். மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகப்பட்டு எடுத்துவிட்டேன்.

உங்களுக்கு இப்போது அவர்கள் இருவரையும் என் அளவுக்குத் தெரியும். மேலே நான் தப்பு செய்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒருமுறை நீங்களே சோதித்துப் பாருங்கள். பிறகு இந்த வரியை முடியுங்கள்:

ஜெகநாதன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, மனைவியைப் பார்த்து,